தனி மேசையில் ஒரு தாரகை

ஹாலிவுட் நடிகை என்றதும் நம் மனக்கண்ணில் கிரேட்டா கார்போவும் மர்லின் மன்றோவும்தான் வந்து நிற்பார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டவர் அந்த வரிசையில் சேராதவர். பருத்த உடல், கறுத்த மேனி, தலையில் இறுகக் கட்டிய துணி. வாழ்நாளெல்லாம் திரையில் அவர் ஏற்றது பெரும்பாலும் வேலைக்காரி வேடமே. ஆயினும் ஆஸ்கார் பரிசை முதன்முதலாகப் பெற்ற கறுப்பினத்தவர் அவர். பெயர் ஹாட்டி மெக்டேனியல்.

அவர் தந்தை ஹென்றி மெக்டேனியல் வர்ஜீனியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். ஆபிரகாம் லிங்கன் காலத்து உள்நாட்டுப் போரைப் பற்றி வரலாற்றுத் துறை நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் போரில் வடவர் படையில் சேர்ந்து, அடிமைத்தளை அறுக்கத் துப்பாக்கி ஏந்திய கறுப்பினச் சிப்பாய்களில் ஹென்றியும் ஒருவர். போரில் பட்ட காயம் அவரை ஆயுள் முழுதும் வாட்டியது. அதற்கான ஓய்வூதியத்துக்காக ஆண்டுக்கணக்கில் அரசுக்கு மனுப்போட்டு அலைந்தார். தாய் சூசன் தேவாலயத்தில் பாடுபவர். இந்த ஏழைத் தம்பதியின் பதின்மூன்றாவது குழந்தையாக, கடைக்குட்டியாக, கான்ஸஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் ஹாட்டி பிறந்தார். ஆண்டு 1893 என்றும் 1895 என்றும் இருவிதமாகச் சொல்வார்கள்.

குடும்பம் பிழைப்பு தேடிக் கொலராடோ மாநிலத்து டென்வர் நகருக்குச் சென்றது. வெள்ளையர் மிகுதியாகப் படித்த பள்ளியில் ஹாட்டியும் படித்தார். 1910-இல் மதுவிலக்குச் சங்கம் ஒன்று நடத்திய கவிதை ஒப்புவித்தல் போட்டியில் பதக்கம் பெற்றார். நம் கல்லூரி விழாவில் பரிசு வாங்கிய மறுநாள் சில நண்பர்களின் கால் தரையில் பாவுவதில்லை. ஹாட்டிக்கும் அப்படித்தான் ஆயிற்று போலும். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அண்ணன்மார்களோடு மேடையேறினார். ஊர் ஊராகப் போய்ப் பாடினார், ஆடினார், சிரிக்க வைத்தார். 1920-களின் நடுவில் டென்வர் வானொலியில் பாடினார். சிகாகோவில் இசைத்தட்டுகளும் பதிவு செய்தார். இடையில் இரண்டு கணவர்களை அடுத்தடுத்துச் சாவுக்குக் கொடுத்தார்.

1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. நாடக அரங்குகள் மூடின. மில்வாக்கி நகருக்கு அருகில் ஓர் இரவு விடுதியில் பாடகியாகச் சேர வழியில்லாமல், பெண்கள் கழிப்பறையில் துவாலை எடுத்துக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார் ஹாட்டி. அங்கே மேடையில் வெள்ளையர்கள்தாம் பாடுவது வழக்கம். கழிப்பறைப் பணிப்பெண்ணுக்குக் குரல்வளம் உண்டு என்று விருந்தினர்களுக்குத் தெரிய வந்து, ஒரு நாள் மேடை கிடைத்தது. பிறகு அந்த மேடை அவருக்கே ஆயிற்று.

1931-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். அண்ணன் சாமும் அக்காள் எட்டாவும் அங்கே சினிமாவில் துண்டு வேடங்கள் செய்துகொண்டிருந்தார்கள். சாம் மூலம் வானொலி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. சம்பளம் போதாமல் வீடுகளில் வேலைக்காரியாகவும் உழைத்துக்கொண்டே, வானொலியில் எல்லாரையும் அதட்டும் வேலைக்காரியாகவும் பேசினார்! படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கத் தொடங்கி, 1934-இல் ஜான் போர்டு இயக்கிய 'ஜட்ஜ் பிரீஸ்ட்' படத்தில் கவனிக்கப்பட்டார். 1935-இல் 'ஆலிஸ் ஆடம்ஸ்', 1936-இல் பால் ரோப்ஸனோடு 'ஷோ போட்'. விருந்து மேசையில் பரிமாறும் வேலைக்காரியாக 'ஆலிஸ் ஆடம்ஸ்' படத்தில் அவர் காட்டும் அலட்சியத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வாய் திறவாமலே எசமானர்களின் போலிப் பெருமையைக் கந்தலாக்கிவிடுவார்.

அடுத்து வந்தது 'கான் வித் த விண்ட்'. மார்கரெட் மிட்செல் எழுதிய நாவலைத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் பெரும் பொருட்செலவில் படமாக்கினார். அதில் கதாநாயகி ஸ்கார்லெட்டை வளர்க்கும் 'மேமி' என்ற பாத்திரம் ஹாட்டிக்குக் கிடைத்தது. இலக்கியம் படித்தவர்களுக்குச் செவிலித்தாய் என்றால் போதும், புரிந்துவிடும். ஆனால் இந்தச் செவிலி ஓர் அடிமை. அடிமைகளின் வாழ்வு இனிமையாக இருந்தது போல் காட்டும் அந்தக் கதையைக் கறுப்பினத்தவர் பலர் வெறுத்தார்கள். அவர்களின் பத்திரிகைகளும் சங்கங்களும் எதிர்த்த பிறகு, கறுப்பினத்தாரை இழிவாகக் குறிக்கும் சொல் வசனத்திலிருந்து நீக்கப்பட்டது. படத்தில் என் மனத்தைத் தொட்ட காட்சி ஒன்றுண்டு. குழந்தை இறந்த பிறகு அந்த வீட்டில் நடப்பதையெல்லாம் மெலனியிடம் சொல்லி அழுதபடியே மேமி மாடிப்படி ஏறும் காட்சி அது. நீண்ட ஒரே மூச்சில் பேசுகிறார். அடிமை முறையை அழகுபடுத்திய ஒரு படத்தில், அடிமையின் மகள் ஒருத்தி அந்தச் சில நிமிடங்களுக்கு முழு மனுஷியாக நிற்கிறாள். இது முரண்தான், எனக்கு விடை தெரியவில்லை.

1939 டிசம்பர் 15 அன்று ஜார்ஜியா மாநிலத் தலைநகர் அட்லாண்டாவில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஊரே விழாக்கோலம் பூண்டது. கிளார்க் கேபிளும் விவியன் லீயும் வந்தார்கள். ஹாட்டி வரவில்லை, அந்த மாநிலத்தின் இனப்பிரிவினைச் சட்டம் குறுக்கே நின்றது. இதைக் கேட்டு கேபிள் தாமும் போகப்போவதில்லை என்று கோபித்ததாகவும், ஹாட்டியே அவரைச் சமாதானம் செய்து அனுப்பியதாகவும் சொல்லப்படுகிறது. முந்திய நாள் இரவு நடந்த விருந்தில் அடிமைச் சிறுவர்கள் போல வேடமிட்டுப் பாடிய கறுப்பினத் தேவாலயக் குழுவில் பத்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் மார்ட்டின் லூதர் கிங்.

1940 பிப்ரவரி 29. லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசடர் ஓட்டலில், கோகனட் குரோவ் என்ற கூடத்தில் ஆஸ்கார் விழா. கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஓட்டல் அது. செல்ஸ்னிக் தமது செல்வாக்கைப் பயன்படுத்தியதால்தான் ஹாட்டி உள்ளே நுழைய முடிந்தது. அப்போதும் படக்குழுவினரோடு உட்கார இடமில்லை. சுவரோரம் தனியாக ஒரு சிறிய மேசை போடப்பட்டிருந்தது. துணைக்கு வந்த நண்பர் ஒருவருடனும் தம் முகவருடனும் அங்கே அமர்ந்திருந்தார், கூந்தலில் வெண்ணிறக் கார்டினியா மலர் சூடி. சிறந்த துணை நடிகைக்கான பரிசு அவருக்கே என்று அறிவிக்கப்பட்டது. அதே பரிசுக்குப் போட்டியிட்டவர்களில் மெலனியாக நடித்த ஒலிவியா டி ஹாவிலண்டும் ஒருவர். கூடம் முழுதும் கடந்து மேடைக்கு நடந்து போனார் ஹாட்டி. தம் இனத்துக்கும் திரையுலகுக்கும் பெருமை சேர்ப்பவளாக என்றும் இருக்க வேண்டும் என்ற விருப்பத்தைச் சொல்லும்போதே குரல் தழுதழுத்தது. துணை நடிகர்களுக்கு அக்காலத்தில் முழுச் சிலை தருவதில்லை, சிறு பட்டயம்தான். அதை வாங்கிக்கொண்டு மறுபடியும் சுவரோர மேசைக்கே திரும்பினார்.

பரிசுக்குப் பின் வேடங்கள் மாறவில்லை. 1942-இல் வந்த 'இன் திஸ் அவர் லைப்' படத்தில் மட்டும், பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட மகனுக்காகத் தவிக்கும் தாயாகச் சற்றே கனமான பாத்திரம். அதிலும் அவள் வேலைக்காரிதான். அதே ஆண்டில், கறுப்பின முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட் ஹாலிவுட் வந்து, இத்தகைய வேடங்களை ஒழிக்க வேண்டும் என்று படமுதலாளிகளை வற்புறுத்தினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. திரையில் பார்த்ததைத்தான் வெள்ளையர் தெருவிலும் எதிர்பார்த்தார்கள். ஹாட்டியின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. உண்மை வீட்டில் வேலைக்காரியாகச் சில டாலருக்கு உழைத்த கை அது. அந்த வேடத்துக்கே நூறு நூறாகச் சம்பளம் வரும்போது மறுத்துவிட்டு எங்கே போவது? வேறு வேடம் தருவார் எவருமில்லை. தம் இனத்தவரே தம்மைப் பழித்தது கடைசிவரை அவருக்கு ஆறாத புண்ணாக இருந்தது.

அவரைத் தலையாட்டி என்று பழித்தவர்கள் வீட்டு வழக்கை நினைவில் கொள்ள வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸில் சுகர் ஹில் என்று பேர்பெற்ற செல்வர் பகுதியில் பதினேழு அறைகள் கொண்ட மாளிகை ஒன்றை ஹாட்டி வாங்கினார். வெள்ளையர் அல்லாதார்க்கு விற்கக் கூடாது என்று அந்தப் பகுதி நிலப் பத்திரங்களிலேயே நிபந்தனை எழுதியிருந்தார்கள். அதைக் காட்டி, கறுப்பினத்தாரை வெளியேற்ற வேண்டும் என்று அண்டைவீட்டு வெள்ளையர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். ஹாட்டி அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்களைத் தம் வீட்டில் கூட்டிப் பேசி எதிர்த்து நின்றார். வழக்கறிஞர் லோரன் மில்லர் வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க், அரசியல் சட்டத்தின் பதினான்காம் திருத்தத்தைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மூன்றாண்டு கழித்து, 1948-இல், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

1947-இல் வானொலியில் 'பியூலா' என்ற தொடரின் நாயகியானார். வேலைக்காரிப் பாத்திரமே என்றாலும் தொடரின் தலைவி அவள்தான். வேடிக்கை என்னவென்றால், அதுவரை அந்தக் கறுப்புப் பெண்ணுக்குக் குரல் கொடுத்து வந்தவர்கள் வெள்ளை ஆண்கள்! கொச்சை மொழி பேச மாட்டேன் என்று நிபந்தனை போட்டே ஹாட்டி ஒப்புக்கொண்டார். தொலைக்காட்சிக்கும் ஆறு பகுதிகள் நடித்து முடித்த நிலையில் உடல் நலிந்தது. மார்பகப் புற்றுநோய். நான்கு திருமணங்கள் செய்தும் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. 1952 அக்டோபர் 26 அன்று, திரைத்துறையினருக்கான மருத்துவமனையில் காலமானார்.

வெள்ளைப் பெட்டி வேண்டும், கூந்தலிலும் கையிலும் வெண் கார்டினியா மலர்கள் வேண்டும், ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்க வேண்டும் என்பது அவர் எழுதி வைத்த விருப்பம். இறுதி ஊர்வலத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஹாலிவுட் கல்லறைத் தோட்டம் மட்டும் கறுப்பின உடலுக்கு இடமில்லை என்றது. வேறொரு தோட்டமான ரோஸ்டேலில் அடக்கம் நடந்தது. 1999-இல் புதிய நிர்வாகம் உடலை மாற்றிக்கொள்ள முன்வந்தபோது குடும்பத்தார் சம்மதிக்கவில்லை. நினைவுக்கல் மட்டும் அங்கே நாட்டினார்கள். அடுத்த கறுப்பின நடிகை ஒருவர் ஆஸ்கார் பெற 1991 வரை காத்திருக்க நேர்ந்தது. அவர் ஹூப்பி கோல்ட்பர்க். 2010-இல் அதே பரிசு பெற்ற மோனிக், ஹாட்டியின் நினைவாகக் கூந்தலில் கார்டினியா சூடி மேடையேறினார்.

ஆஸ்கார் பட்டயத்தை ஹாட்டி வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். சில காலம் நாடகத் துறையில் காட்சிக்கு இருந்த அது, பிறகு எப்படியோ காணாமல் போயிற்று. எவரெவரோ தேடினார்கள், கிடைக்கவில்லை. 2023 அக்டோபரில் ஆஸ்கார் குழுவினர் அதே போன்ற மாற்றுப் பட்டயம் ஒன்றைச் செய்து பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு வந்து கொடுத்தார்கள்.