வேலை போனது, கடற்கரை வீடு கைகொடுத்தது!

பறவை ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற சாலிம் அலி நம் மும்பையில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் அவருக்குப் பெயர் தேடித் தந்த முதல் பெரிய ஆராய்ச்சி நடந்த இடம் கிஹீம் என்ற கடலோரச் சிற்றூர். கேட்வேயில் படகு ஏறி மாண்ட்வாவில் இறங்கினால், அலிபாக் போகும் வழியில் இருக்கிறது அந்த ஊர்.

தாய் தந்தை இல்லாத சிறுவன்

1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பிறந்தார். வீட்டில் கடைசிப் பிள்ளை. மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தியாப்ஜி அவரைக் கேத்வாடியில் வளர்த்தார்.

சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. என்ன குருவி இது என்று கேட்க, மாமா அவரை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். செயலாளர் மில்லார்ட், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் சிறுவனுக்குக் காட்டினார். அன்று பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை.

பட்டம் இல்லை

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு பர்மா போனார். அங்கே குடும்பத்தார் நடத்திய தொழில் நொடித்தது. சர்க்கார் விலங்கியல் துறையில் பறவை நிபுணர் வேலைக்கு மனுப் போட்டார். பட்டம் இல்லாததால் அது கிடைக்கவில்லை.

1926-ம் ஆண்டு பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. மேற்பயிற்சிக்காக லீவு எடுத்து ஜெர்மனி சென்று, பேராசிரியர் ஸ்ட்ரேஸ்மானிடம் பயின்றார். 1930-ல் திரும்பி வந்தபோது, பணம் போதாது என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். அப்போது அவருக்கு வயது 33. மனைவி தெமினா இருக்கிறார்; மாதச் சம்பளம் இல்லை.

ஏணிமேல் ஓர் ஆபீஸ்

பம்பாய்ச் செலவு கட்டாது என்று கணவனும் மனைவியும் கிஹீமில் இருந்த கடற்கரை வீட்டுக்குக் குடிபோனார்கள். முன்னால் அரபிக்கடல், சுற்றிலும் மரங்கள், எந்நேரமும் பறவைச் சத்தம்.

பக்கத்தில் ஒரு கிணற்றின் மேலே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. சாலிம் அலி ஏணியின் மேல் துணி மறைப்பு அமைத்து, உள்ளே உட்கார்ந்து, ஆபீஸ் போகிறவர் போலத் தினமும் குறிப்பெடுத்தார்.

ஆண் குருவி கூட்டைப் பாதிவரை கட்டும். பெண் குருவி வந்து பார்வையிடும். அதற்குப் பிடித்தால்தான் குடித்தனம். பிறகு ஆண் கூட்டைக் கட்டி முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்து வேறொரு பெண்ணை அழைக்கும். இந்த வாழ்க்கை முறையை விளக்கி அவர் எழுதிய கட்டுரை 1931-ல் வெளிவந்தது. பறவை ஆராய்ச்சியாளர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்புக்குச் சென்றார். காட்டு முகாம்களுக்கும் கூடவே வந்த தெமினா 1939-ல் காலமானார். சாலிம் அலி மறுமணம் செய்யவில்லை. 1941-ல் அவருடைய இந்தியப் பறவைகள் நூல் வந்தது. 1976-ல் பத்மவிபூஷண் கிடைத்தது. 1987-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி மறைந்தார்.

நம் கோடியக்கரைக்கு வரும் வெளிநாட்டுப் பறவைகளின் ஆராய்ச்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு. கோவை அருகே ஆனைகட்டியில் உள்ள மத்திய அரசின் பறவையியல் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

லீவு நாளில் அலிபாக் போகும் நம்மவர்கள் கிஹீமிலும் இறங்கிப் பார்க்கலாம். வேலை இழந்த ஒருவர் சோர்ந்து உட்காராமல், கண் முன்னே இருந்த குருவிகளைப் பார்த்துப் பெரியவரான ஊர் அது.