எல்லைக்கோட்டில் பிறந்த மனிதர்

ராபர்ட் ஷூமன் பிரான்சு நாட்டின் பிரதம மந்திரியாக இருந்தவர். ஆனால் அவர் பிறந்தது பிரான்சில் அல்ல. முப்பது வயது தாண்டும் வரை அவர் பிரெஞ்சுக் குடிமகனும் அல்ல!

வீடு மாறவில்லை, நாடு மாறியது

ஷூமனின் தந்தை லொரேன் மாகாணத்துக்காரர். பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே உள்ள மாகாணம் அது. 1871-ல் போரில் வென்ற ஜெர்மனி, லொரேனின் ஒரு பகுதியை எடுத்துக் கொண்டது. பிரெஞ்சுக்காரராகப் பிறந்த தந்தை, ஜெர்மன் குடிமகன் ஆனார். தாயார் பக்கத்து நாடான லக்சம்பர்க்கைச் சேர்ந்தவர். அங்கேதான் 1886-ல் ஷூமன் பிறந்தார். தந்தை வழியில் அவரும் ஜெர்மன் குடிமகனே.

ஜெர்மனியில் சட்டம் படித்தார். மெட்ஸ் நகரில் வக்கீல் தொழில் தொடங்கினார். முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது. லொரேன் மறுபடி பிரான்சுக்கு வந்தது. ஷூமனும் பிரெஞ்சுக்காரர் ஆனார். 1919-ல் பிரெஞ்சுப் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார்.

சிறையிலிருந்து தப்பினார்

1940-ல் ஹிட்லரின் படை பிரான்சைப் பிடித்தது. ரகசியப் போலீசார் ஷூமனைக் கைது செய்து சிறையில் அடைத்தார்கள். பிறகு ஜெர்மனிக்குக் கொண்டுபோய்க் காவலில் வைத்தார்கள். 1942-ல் அங்கிருந்து தப்பினார்.

போர் முடிந்தது. 1947-ல் பிரதம மந்திரி ஆனார். அடுத்த ஆண்டு வெளிநாட்டு மந்திரி ஆனார். தன்னைச் சிறை வைத்த நாட்டை அவர் பழி வாங்கவில்லை. கூட்டுச் சேர அழைத்தார்!

1950 மே 9-ந் தேதி அவர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். பீரங்கி செய்ய எஃகு வேண்டும். எஃகு செய்ய நிலக்கரி வேண்டும். இரண்டையும் பொது நிர்வாகத்தில் வைத்தால் போர் ஏது? பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஹாலந்து, லக்சம்பர்க் ஆகிய 6 நாடுகள் 1951-ல் கையெழுத்திட்டன. அந்தத் தொழில்களில் தேர்ந்த தொழிலாளர்கள், இந்த நாடுகளுக்குள் எங்கும் வேலைக்குப் போகவும் அந்த ஒப்பந்தம் வழி திறந்தது.

ஷூமன் கலியாணம் செய்து கொள்ளவில்லை. எளிமையாக வாழ்ந்து 1963-ல் காலமானார்.

பல நாடு, ஒரே வாசல்

அவர் போட்ட விதை வளர்ந்தது. 1985-ல் லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில் 5 நாடுகள் கூடின. தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்க ஒப்பந்தம் செய்தன. 1995-ல் அது நடைமுறைக்கு வந்தது. இன்று இதில் 29 நாடுகள் உள்ளன. வெளியார் ஒரு நாட்டில் விசா வாங்கினால் போதும். 180 நாளில் 90 நாள் வரை அத்தனை நாடுகளிலும் சுற்றலாம். எப்போதாவது சில நாடுகள் தற்காலிகச் சோதனை வைப்பது உண்டு.

வாசல் ஒன்றானால் வம்பும் பொதுதான். சுவிட்சர்லாந்துக்கும் லிபியாவுக்கும் தகராறு மூண்டது. லிபியாவின் முக்கியப் புள்ளிகளுக்கு விசா இல்லை என்றது சுவிட்சர்லாந்து. அவர்களுக்கு மற்ற நாடுகளின் கதவும் மூடியது. லிபியா பதிலுக்கு, 2010-ல் ஷெங்கன் நாட்டார் யாருக்கும் விசா தர மறுத்தது! மற்ற நாடுகள் நடுவே புகுந்து சமரசம் செய்தன. ஒரு வீட்டுச் சண்டையைத் தெருவே கூடித் தீர்த்தது போலத்தான்.

மெட்ஸ் நகருக்கு அருகே, ஷூமன் வாழ்ந்த வீட்டுக்கு எதிரே, ஒரு சிறு தேவாலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. அந்த ஊரை ஒட்டி ஓடும் மோசெல் ஆறு, வடக்கே போய் ஷெங்கன் கிராமத்தைத் தொடுகிறது. அவர் தந்தையின் நாட்டை மாற்றிய எல்லையை இன்று மக்கள் தினமும் கடந்து வேலைக்குப் போய் வருகிறார்கள்.