வீட்டைக் கொடுத்த முதலமைச்சர்

ராஜபாளையத்துப் பழைய தெருக்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் காந்தி கலை மன்றத்தை விட்டுவிடாதீர்கள். அது ஒரு முதலமைச்சரின் வீடு! பூ.ச. குமாரசாமி ராஜா தன் வீட்டையே மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் தெருவில் ஒரு அடி வாசல் இடத்துக்கே சண்டை நடக்குது. அதனால்தான் இது எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

1898 ஜூலை 8ல் நம்ம ராஜபாளையத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அம்மாவும் அப்பாவும் இறந்துவிட்டார்கள். பாட்டிதான் வளர்த்தார். காந்தியடிகள் மேல் பற்று கொண்டு காங்கிரசில் பாடுபட்டார்.

1949 ஏப்ரல் 6ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். (அப்போது அப்படித்தான் சொல்வாங்க.) 1950 ஜனவரி 26ல் இந்தியா குடியரசானதும் அந்தப் பதவி முதலமைச்சர் என்று ஆனது. அன்றைக்கு ஆந்திராவும் மலபாரும்கூட நம்ம மாநிலத்துக்குள்தான். அவ்வளவு பெரிய இடத்தை ஆண்டவர், 1952 தேர்தலில் இங்கே பக்கத்தில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றுப்போனார்! படித்ததும் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. முதலமைச்சராக இருந்தாலும் நம்ம ஜனங்க ஓட்டுப் போட்டால்தானே?

1954 முதல் 1956 வரை ஒரிசா ஆளுநராக இருந்தார். 1957 மார்ச் 16ல் காலமானார். வயது 58தான்.