ஒரு நிலையம் விழுந்தால் மறுநிலையம் தாங்கும்: மின்வலையமைப்பின் முன்னோடி சார்ள்ஸ் மேர்ஸ்

1940 ஒக்ரோபர் மாதம். ஜேர்மன் விமானங்கள் லண்டன் மீது இரவிரவாகக் குண்டுகளைப் பொழிந்துகொண்டிருந்தன. மாத நடுப்பகுதியில் ஓர் இரவு, நகரின் கென்சிங்டன் பகுதியில் ஒரு வீட்டின் மீது குண்டு விழுந்தது. 66 வயதான ஒரு பொறியியலாளரும் அவரது இரண்டு பிள்ளைகளும் வீட்டுப் பணியாளர்களும் கொல்லப்பட்டனர். மனைவி மட்டும் உயிர் தப்பினார்.

இறந்தவரின் பெயர் சார்ள்ஸ் மேர்ஸ். அந்தப் போர்க்காலம் முழுவதும் பிரித்தானியாவின் தொழிற்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மின்சாரம் அறுந்துபோகாமல் காத்த மின்வலையமைப்பு, அவர் பல ஆண்டுகள் போராடி வென்றெடுத்த எண்ணத்தின் விளைவு.

மேர்ஸ் 1874 ஒக்ரோபர் 5ஆம் திகதி, இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றின் ஒரு கரையிலுள்ள கேற்ஸ்ஹெட் நகரில் பிறந்தார். மறுகரையில் இருப்பது நியூகாசில் நகரம். நிலக்கரிச் சுரங்கங்களும் கப்பல் கட்டும் தளங்களும் நிறைந்த பகுதி அது. தந்தை ஜோன் தியோடர் மேர்ஸ் இரசாயனத் தொழில் அறிந்தவர். ஐரோப்பியச் சிந்தனை வரலாறு பற்றிப் பெருநூல் எழுதியவர். 1889இல் நியூகாசிலில் மின்வழங்கல் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களில் அவரும் ஒருவர். போரை ஏற்காத குவேக்கர் கிறிஸ்தவர்களின் பாடசாலையில் படித்த மகன், பின்னர் அந்த நிறுவனத்திலேயே தொழில் பழகினார். அயர்லாந்தின் கோர்க் நகரில் ட்ராம் வண்டிக்கும் தெருவிளக்குக்கும் மின்சாரம் வழங்கும் பணியில் இருந்தபோது வில்லியம் மக்லெலனைச் சந்தித்தார். இருவரும் சேர்ந்து நடத்திய பொறியியல் ஆலோசனை நிறுவனம் பின்னாளில் உலகப் புகழ் பெற்றது.

அன்றைய மின்சாரம் இன்று நாம் அறிந்த மின்சாரம் அல்ல. ஒவ்வொரு நகரசபையும் ஒவ்வொரு சிறு நிறுவனமும் தனித்தனியே ஒரு மின்நிலையம் வைத்திருந்தன. முதலாம் உலகப் போர்க் காலத்திலும் லண்டன் பெருநகரில் மட்டும் சுமார் 70 மின்நிலையங்கள் இருந்தன. அவற்றிடையே 10 வகை மீடிறன்களும் 24 வகை மின்னழுத்தங்களும் புழங்கின. ஒரு தெருவில் வேலை செய்யும் மோட்டார் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனால் பயன்படாது. ஒரு நிலையத்தின் இயந்திரம் பழுதானால் பக்கத்து நிலையம் உதவ முடியாது. எனவே ஒவ்வொருவரும் பழுதுக்கு முன்னேற்பாடாக மேலதிக இயந்திரம் வாங்கி வைத்தார்கள். அது பெரும்பாலும் சும்மா கிடந்தது. அந்தச் செலவும் பாவனையாளர் தலையில் விழுந்தது.

இதற்கு மேர்ஸ் கண்ட தீர்வு எளிமையானது. அன்று மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைக்க முடியாதிருந்தது. எந்தக் கணத்தில் எவ்வளவு தேவையோ அந்தக் கணத்தில் அவ்வளவையே பிறப்பிக்க வேண்டியிருந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மின்சாரம் தேவைப்படுவதில்லை. தொழிற்சாலைக்குப் பகலில் தேவை, வீட்டுக்கு மாலையில் தேவை, சுரங்கத்தின் நீரிறைக்கும் பம்பிக்கு இரவிலும் தேவை. இவர்களை ஒரே வலையில் இணைத்தால் குறைந்த இயந்திரங்களால் எல்லோருக்கும் வழங்கலாம். குறைந்த நிலக்கரியில் அதிக மின்சாரம் தரும் நிலையத்தை முதலில் ஓடவிட்டு, தேவை ஏறும்போது மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். உலகின் மின்கட்டுப்பாட்டு அறைகள் இன்றும் அடிப்படையில் செய்துகொண்டிருப்பது இதைத்தான்.

அவர் இதைச் செய்தே காட்டினார். டைன் ஆற்றங்கரையில் அவர் அமைத்த நெப்டியூன் பாங்க் மின்நிலையத்தை 1901இல் கெல்வின் பிரபு திறந்து வைத்தார். 1904இல் நீராவிச் சுழலிகளுடன் கார்வில் மின்நிலையம் வந்தது. இரும்பு உலைகளிலும் கற்கரி அடுப்புகளிலும் வீணாகப் போன வெப்பத்தைக்கூட மின்சாரமாக்கி வலையில் சேர்த்தார். எந்த நிலையம் எப்போது எவ்வளவு தர வேண்டும் என்பதை ஒரே இடத்திலிருந்து தீர்மானித்தார்கள். 1912 அளவில் இந்த வடகிழக்கு வலையமைப்பு ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய ஒருங்கிணைந்த மின்தொகுதியாக இருந்தது.

இணைப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. ஓரிடத்தில் ஏற்படும் கோளாறு எல்லோரையும் இருளில் தள்ளிவிடலாம். இதற்கு மேர்ஸும் அவருடன் பணியாற்றிய பேர்ணாட் பிரைஸும் 1904இல் ஒரு வழி கண்டார்கள். மின்வடத்தின் ஒரு முனையில் நுழையும் ஓட்டமும் மறுமுனையில் வெளியேறும் ஓட்டமும் சமமாக இருக்க வேண்டும். சமமில்லை என்றால் இடையில் எங்கோ கசிவு இருக்கிறது. உடனே அந்தத் துண்டு மட்டும் தானாகத் துண்டிக்கப்படும், மற்றவை தொடர்ந்து இயங்கும். மேர்ஸ்–பிரைஸ் காப்பு முறை என்ற பெயரில் மின்பொறியியல் மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள்.

தொழில்நுட்பத்தை வென்றவருக்கு அரசியலை வெல்வது கடினமாக இருந்தது. லண்டனுக்கு பெருமின்நிலையங்களிலிருந்து மின்சாரம் வழங்க அவர் முன்வைத்த சட்டமூலம் 1905இல் பாராளுமன்றத்தில் நிறைவேறாமல் போனது. தங்கள் நிலையத்தை இன்னொருவர் கட்டளைக்கு விட்டுக்கொடுக்க உள்ளூர்ச் சபைகள் விரும்பவில்லை. தங்கள் மக்களின் பணத்தில் கட்டியதை ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியும் நியாயமற்றதல்ல. 1917இல் அவர் தலைமையிலான குழு, நாட்டை 16 மின்வலயங்களாக ஒழுங்கமைக்கப் பரிந்துரைத்தது. 1919இல் சட்டம் வந்தது. ஆனால் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதிலிருந்து நீக்கப்பட்டிருந்தது.

கடைசியில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் நடுவழி ஒன்றைக் கண்டது. மின்நிலையங்கள் உரியவர்களிடமே இருக்கும். ஆனால் தெரிவுசெய்யப்பட்ட நிலையங்கள் எப்போது, எவ்வளவு ஓட வேண்டும் என்பதை மத்திய மின்சார சபை தீர்மானிக்கும். அவற்றை இணைக்கும் பெருவழிக் கம்பிகளையும் அதுவே அமைக்கும். இந்தத் திட்டத்தின் தொழில்நுட்ப வடிவத்தை வகுத்தவர்களில் மேர்ஸும் ஒருவர். மின்னழுத்தம் 132 கிலோவோல்ட், மீடிறன் 50 ஹேர்ட்ஸ் என முடிவாகியது. மேர்ஸ் வளர்த்த வடகிழக்கு வலையமைப்பு அதுவரை 40 ஹேர்ட்ஸில் இயங்கியது. நாடு முழுவதும் ஒன்றாக வேண்டுமென்றால் அதுவும் மாற வேண்டும். மாறியது.

முதல் மின்கோபுரம் 1928இல் எடின்பரோ அருகே எழுந்தது. 1933இல் பணி முடிந்தபோது, நாடு ஏழு பிராந்திய வலையமைப்புகளாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுப்பாட்டு அறையுடன் இயங்கியது. 1937 ஒக்ரோபர் 29 இரவு, கட்டுப்பாட்டுப் பொறியியலாளர்கள் மேலிட அனுமதியின்றியே ஏழையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தார்கள். நாடு முழுவதும் ஒரே தொகுதியாகச் சுழன்றது. அடுத்த ஆண்டு அதுவே நிரந்தரமானது.

மறு ஆண்டு போர் வந்தது. லண்டனின் பற்றசீ, ஃபுல்ஹாம் மின்நிலையங்கள் குண்டுவீச்சில் சேதமடைந்தபோது, இழந்த மின்சாரம் தெற்கு வேல்ஸிலிருந்து கம்பிவழி வந்தது. பழைய முறையே நீடித்திருந்தால், நிலையம் விழுந்த இடமெல்லாம் தொழிற்சாலையும் மருத்துவமனையும் இருண்டுபோயிருக்கும்.

துண்டிக்கப்படுவது என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. போர்க்காலத்தில் யாழ். குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து பல ஆண்டுகள் அறுந்து கிடந்தது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். இன்று சுன்னாகத்துக்கு வந்து சேரும் பெருவழிக் கம்பியிலும் ஓடுவது 132 கிலோவோல்ட், 50 ஹேர்ட்ஸ் மின்சாரம்தான். அறுந்தால் எவ்வளவு இழப்போம் என்பதை அனுபவித்தவர்களுக்கு அந்த இலக்கங்களின் அருமை புரியும்.

ஓர் அடியில் எல்லாம் வீழ்ந்துவிடாத ஒரு தொகுதியை மேர்ஸ் நாட்டுக்குக் கொடுத்தார். அந்த ஒக்ரோபர் இரவில் அவருடைய வீடு ஒரே குண்டில் வீழ்ந்தது. அவர் விட்டுச்சென்ற வலையமைப்பு போர் முடியும்வரை தாங்கி நின்றது.