வோக்கிங் ஊர்ச் சைக்கிள்காரர்

நம் விடுதியில் குளிர்கால இரவு நீளமானது. பத்து மணிக்குமேல் கம்பளிக்குள் புகுந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு நான் போர்க்களம் போய்விடுவேன். பத்து, பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும் சின்னஞ்சிறு ஒலி நாடகங்கள்; எல்லாம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் நடக்கும் போர்கள். ஒரு கோள் வெடிக்கும். ஓர் இனமே அழியும். நான் புரண்டு படுத்து அடுத்த நாடகத்தைப் போடுவேன். சென்ற பருவத் தேர்வில் ஒரு தாளைக் கோட்டைவிட்டதில் இந்தப் போர்களுக்கும் பங்கு உண்டு.

அந்த வெட்கத்தோடு நூலகத்தில் ஒதுங்கியிருந்தபோதுதான் எச். ஜி. வெல்ஸின் வாழ்க்கை வரலாறு என் கைக்கு வந்தது. இவ்வகைக் கதைகளுக்குப் பாட்டனார் என்று சொல்லத் தக்கவர் அவர். அவரும் தேர்வில் தோற்றவர் என்று கண்டதும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்பு பெருகிற்று.

வெல்ஸ் 1866-இல் இலண்டனை அடுத்த பிராம்லியில் பிறந்தார். தந்தை ஜோசப் பீங்கான் கடை வைத்திருந்தார். ஆனால் கடையைவிடக் கிரிக்கெட்டில் கைதேர்ந்தவர். 1862-இல் கெண்ட் அணிக்காக ஆடியபோது அடுத்தடுத்த 4 பந்துகளில் 4 பேரை வெளியேற்றியவர். கடைக்காசும் பந்தாட்டக் காசும் குடும்பத்துக்குப் போதவில்லை. தந்தையின் கால் முறிந்ததும் ஆட்டமும் போயிற்று. தாய் ஒரு மாளிகையில் வேலைக்குப் போனார். மகன் ஜவுளிக்கடையில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். நாளுக்கு 13 மணி நேரம் உழைத்த அந்த ஆண்டுகளின் கசப்பு அவரைவிட்டு அகலவே இல்லை.

1884-இல் உதவித்தொகை பெற்று, இலண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த அறிவியல் கல்லூரியில் நுழைந்தார். முதலாண்டு தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். மனம் ஒன்றிப் படித்தார். அதன்பின் வந்த பௌதிகமும் நிலவியலும் கசந்தன. விவாதக் கழகமும் மாணவர் பத்திரிகையும் அவரை இழுத்துக்கொண்டன. ஆம், நம்முடையதைப் போன்ற ஒரு மாணவர் இதழ்! அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் முதல் ஆசிரியரும் அவரே. 1887-இல் நிலவியலில் தோற்றார். மறு ஆண்டு அதே இதழில், காலத்தில் பயணம் செய்யும் கருவியைப் பற்றி ஒரு தொடர்கதை எழுதினார், முடிக்காமலே விட்டுவிட்டார். (நம் இதழாசிரியர் கவனிப்பாராக!) அந்தக் கருத்தே 1895-இல் ‘கால யந்திரம்’ என்னும் நாவலாகி அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

அந்த நாவல் 802701-ஆம் ஆண்டுக்குப் போகிறது. அவ்வளவு தொலைவில் அவர் படையையும் பீரங்கியையும் வைக்கவில்லை. போரை வைத்த இடம் வேறு. 1895-இல் வோக்கிங் என்னும் ஊரில் குடியேறி, சைக்கிள் பழகி, தெருத்தெருவாகச் சுற்றினார். செவ்வாய்க் கோளினர் எங்கே இறங்க வேண்டும், யார் வீட்டை எரிக்க வேண்டும் என்று இடம் பார்த்து வைத்தார். அண்டை வீட்டாரையே எரித்த கதைதான் 1898-இல் நூலான ‘உலகங்களின் போர்’.

1938 அக்டோபர் 30-இல் அதை அமெரிக்க வானொலி நாடகமாக்கிய 23 வயது ஆர்சன் வெல்ஸ் (தமிழில் பெயர் ஒன்றாயினும் உறவினர் அல்லர்) அந்த வழியையே பின்பற்றினார். செவ்வாய்க் கோளினர் நியூஜெர்சியின் நாட்டுப்புறத்தில் இறங்கினர். நாடகம் செய்தி அறிவிப்பைப் போலவே ஒலித்தது. நேயர் சிலர் மெய்யென்று நம்பி நடுங்கினர். நாடே தெருவுக்கு ஓடிவந்தது என்பது பத்திரிகைகள் ஊதிய கதை.

வெல்ஸை நான் வழிபடவில்லை. 1914-இல் மூண்ட பெரும் போர், போர்களையே ஒழித்துவிடும் என்று எழுதி ஆதரித்தவர் அவர். ஆயினும் அதே ஆண்டு வெளியான மற்றொரு நாவலில், விமானத்திலிருந்து நகரங்கள்மீது அணுகுண்டுகள் வீசப்படுகின்றன. அப்பெயரே அன்று புதிது. ஹங்கேரியில் பிறந்த பௌதிக அறிஞர் லியோ சிலார்ட் அதை 1932-இல் படித்தார். மறு ஆண்டு, இலண்டன் தெரு ஒன்றைக் கடக்கும்போது, அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து பிளக்கும் வழி அவர் மனத்தில் பளிச்சிட்டது.

1940-இல் ஜெர்மானியக் குண்டுகள் விழுந்தபோதும் முதியவர் வெல்ஸ் இலண்டன் வீட்டைவிட்டு நிரந்தரமாக நீங்கவில்லை. 1945 ஆகஸ்ட் 6-இல் ஹிரோஷிமா எரிந்தது. அதன்பின் ஓராண்டும் ஒரு வாரமும் வாழ்ந்து, அந்த வீட்டிலேயே 1946 ஆகஸ்ட் 13-இல் இறந்தார்.

இப்போதும் நான் இரவில் நாடகம் கேட்கிறேன். நேற்று ஒரு கோள் வெடித்தபோது, ஏனோ நம் விடுதிப் பின்வாசல் தேநீர்க்கடை கண்முன் வந்தது. நிறுத்திவிட்டுப் பாடப்புத்தகத்தை எடுத்தேன். மறுதேர்வு அடுத்த திங்களில்.