செப்பில் எழுந்த முகங்கள்

கவிஞர்க்குச் சொற்சிக்கனம் எத்துணை இன்றியமையாததோ, செப்புத் தகட்டில் முகம் எழுதும் ஓவியர்க்குக் கோட்டுச்சிக்கனமும் அத்துணை இன்றியமையாதது. அக்கலையை இந்திய மண்ணில் வேரூன்றச் செய்த முன்னோடி, வங்கம் ஈன்ற முகுல் சந்திர தே ஆவார்.

1895இல் பிறந்த அவர், சாந்திநிகேதனில் தாகூரின் மாணவராய் வளர்ந்தார். 1916இல் தம் ஆசானுடன் ஜப்பான் சென்று, அங்கிருந்து அமெரிக்காவை அடைந்தார். சிகாகோ நகரில் ஜேம்ஸ் பிளாண்டிங் ஸ்லோன் என்பாரிடம் செப்புத்தகட்டு அச்சோவியம் பயின்றார்.

மெழுகு பூசிய தகட்டில் கீறி, அமிலத்தால் அரிக்கச் செய்வது இக்கலையின் ஒரு முறை. அமிலத்தின் துணையின்றி எஃகு ஊசியால் தகட்டை நேரே கீறுவது மற்றொரு முறை. அதனை டிரைபாயிண்ட் என்பர். தே பெரிதும் கைக்கொண்டது இதுவே. உழுத சாலின் ஓரம் மண் மேடாவதுபோல், ஊசி சென்ற தடத்தின் ஓரம் செப்புச் சிலும்பு எழும். மையைப் பற்றிக்கொண்டு கோட்டிற்குப் பட்டின் மென்மையைத் தருவது அச்சிலும்பே. அச்சுப்பொறியின் அழுத்தத்தில் அது விரைவில் மழுங்குவதால் நல்ல படிகள் சிலவே கிட்டும். இடம் வலமாய் மாறிப் பதிவதால் முகத்தைத் திருப்பி எழுதுதலும் வேண்டும். தவறிய கோட்டைத் தகட்டினின்று நீக்குவதோ பெரும்பாடு.

இத்தனை இடர்ப்பாட்டினையும் விரும்பி ஏற்றவர் தே. 1920இல் இலண்டன் சென்று மேலும் பயின்றார். தாகூரின் முகத்தையும் காந்தியடிகளின் முகத்தையும் எழுதிய அதே ஊசி, சந்தால் மகளிரையும் எழுதியது. புகழுடையார்க்கு ஒரு கோடு, எளியார்க்கு ஒரு கோடு என அவர் பிரித்தாரில்லை.

1928இல் கல்கத்தா அரசு கலைப்பள்ளியின் முதல் இந்திய முதல்வரானார். 1943 வரை அப்பொறுப்பில் இருந்தார். தம் ஆசானின் ஓவியங்களை 1932இல் அப்பள்ளியிலேயே காட்சிக்கு வைத்தார். கவிஞர் முகத்தை உலகுக்குக் காட்டிய மாணவர், கவிஞருக்குள் இருந்த ஓவியரையும் கல்கத்தாவுக்குக் காட்டினார். 1989இல் மறைந்தார்.

வற்றிய மேனியின் எலும்புக் கோடுகளிலேயே அருளைக் காட்டும் நம் அம்மையாரின் செப்புத் திருமேனியைக் கண்டு பழகிய காரைக்கால் மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. குறைத்து எழுதுதல் குறைபட எழுதுதல் ஆகாது. பத்தாண்டு நிறைவுறும் நம் வட்டத்துக் கவிஞர்கள், அழித்தெழுத இயலாத தகட்டில் எழுதுவதாக எண்ணி ஒவ்வொரு சொல்லையும் வைப்பார்களாக.