எட்வர்டு கார்ப்பென்டர்

எட்வர்டு கார்ப்பென்டர் (ஆகஸ்ட் 29, 1844 - ஜூன் 28, 1929) ஓர் ஆங்கிலேயக் கவிஞர், மெய்யியலாளர், சமவுடைமைச் சிந்தனையாளர் ஆவார். எளிய வாழ்க்கை, மரக்கறி உணவு, பெண் விடுதலை, தற்பாலினரின் உரிமை ஆகியவற்றுக்காக எழுதியும் பேசியும் வந்தவர். மனித உடல் நாணத்துக்குரியது அன்று என்றும், வெயிலும் காற்றும் உடலில் படுவது நலம் என்றும் வலியுறுத்தியதால், நேச்சுரிசம் எனப்படும் ஆடையற்ற வாழ்வியலின் முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார். 1890-91 காலப்பகுதியில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பயணம் செய்து, தஞ்சாவூரைச் சேர்ந்த ஒரு தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டவர் என்ற வகையில் தமிழர் வரலாற்றோடும் இவருக்குத் தொடர்பு உண்டு.

இளமையும் கல்வியும்

கார்ப்பென்டர் இங்கிலாந்தின் தென்கடற்கரையில், பிரைட்டன் நகரை அடுத்துள்ள ஹோவ் என்னும் ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை சார்லசு கார்ப்பென்டர் கடற்படையில் பணியாற்றிப் பின்னர் வழக்கறிஞரானவர். உடன்பிறந்தோர் பலர். தம் சகோதரிகள் படிப்போ தொழிலோ இன்றி, திருமணத்தை எதிர்நோக்கியே நாட்களைக் கழித்ததை அவர் இளமையிலேயே கண்டார். பெண்களின் நிலை குறித்துப் பிற்காலத்தில் அவர் எழுதியவற்றுக்கு இந்த அனுபவமே அடிப்படையாக அமைந்தது.

பிரைட்டன் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி ஹால் கல்லூரியிலும் பயின்றார். 1868-ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் பத்தாவது இடம் பெற்றார். அதன்பின் இங்கிலாந்துத் திருச்சபையில் குருவாகி, இறையியலாளர் பிரெடரிக் டெனிசன் மாரிசின் கீழ் உதவிக் குருவாகப் பணியாற்றினார். ஆனால் வால்ட் விட்மனின் கவிதைகளைப் படித்த பின்னர் அவரது மனம் அப்பணியில் ஒட்டவில்லை. 1874-இல் குருத்துவத்தைத் துறந்து, வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் பொதுமக்களுக்கு வானியல், இசை முதலிய பாடங்களை விரிவுரையாற்றும் பணியில் சேர்ந்தார்.

1877-இலும் 1884-இலும் அமெரிக்கா சென்று விட்மனை நேரில் சந்தித்தார். பக்கவாதத்தால் தளர்ந்திருந்த விட்மன், 1870களில் நியூ செர்சி மாநிலத்தின் டிம்பர் கிரீக் ஓடைக்கரையில் ஆடையின்றி வெயில் காய்ந்து உடல் தேறியவர். அந்த அனுபவத்தை 1882-இல் வெளிவந்த தம் உரைநடை நூலில் பதிவும் செய்திருக்கிறார். இவ்வகையில் கார்ப்பென்டருக்கு விட்மன் கவிதையில் மட்டுமன்றி வாழ்முறையிலும் வழிகாட்டியாக இருந்தார் எனலாம்.

மில்தோர்ப்பு வாழ்க்கை

1882-இல் தந்தை இறந்தபின் கார்ப்பென்டருக்கு ஏறத்தாழ 6,000 பவுண்டு கிடைத்தது. அதைக்கொண்டு செபீல்டு நகருக்குத் தெற்கே, டார்பிசயர் மாவட்டத்தின் மில்தோர்ப்பு என்னும் சிற்றூரில் சுமார் 7 ஏக்கர் நிலம் வாங்கி வீடு கட்டினார். காய்கனிகளைத் தம் கையாலேயே பயிரிட்டுச் சந்தையில் விற்றார். இங்கிலாந்தின் படித்த உயர்குடியினர் ஒருவர் அவ்வாறு செய்வது அக்காலத்தில் வியப்புக்குரியதாக இருந்தது.

அலிகாரில் ஆசிரியராக இருந்த நண்பர் அரால்டு காக்சு, காசுமீரிலிருந்து ஒரு சோடிச் செருப்பை அனுப்பி வைத்தார். அதை மாதிரியாகக் கொண்டு கார்ப்பென்டர் தாமே செருப்புத் தைக்கக் கற்று, நண்பர்களுக்கும் தைத்துக் கொடுத்தார். மூடிய தோற்காலணி காலை நோயுறச் செய்கிறது என்பது அவர் கருத்து. இங்கிலாந்தின் சீர்திருத்தவாதிகளிடையே திறந்த செருப்பு ஓர் அடையாளமாகப் பரவ இதுவே தொடக்கமாயிற்று.

உடலும் உடையும் பற்றிய கருத்துகள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஆடை என்பது உடலைக் காக்கும் பொருளாக மட்டும் இருக்கவில்லை. ஒருவரின் வகுப்பையும் ஒழுக்கத்தையும் காட்டும் சின்னமாகவும் இருந்தது. ஆண்கள் பல அடுக்குக் கம்பளி உடைகளையும் பெண்கள் இடையை இறுக்கும் கச்சையையும் அணிந்தனர். 1887-இல் வெளிவந்த இங்கிலாந்தின் இலட்சியம் என்ற நூலில், இத்தனை அடுக்குகளும் மனிதனை இயற்கையிடமிருந்தும் இறைவனிடமிருந்தும் பிரிக்கின்றன என்று கார்ப்பென்டர் வாதிட்டார். உடையைக் குறைத்தால் துவைக்கும் வேலையும் பணியாளர் தேவையும் குறையும் என்ற நடைமுறைக் காரணத்தையும் அவர் முன்வைத்தார். இவ்வாறு உடை குறித்த அவரது சிந்தனை, ஏழைகளின் உழைப்பில் செல்வர் வாழ்வது பற்றிய கண்டனத்தோடு இணைந்தே வளர்ந்தது.

1889-இல் வெளியான நாகரிகம்: அதன் காரணமும் தீர்வும் என்ற நூல் அவரைப் புகழ்பெறச் செய்தது. நாகரிகம் என்பது மனித இனம் கடந்து செல்ல வேண்டிய ஒரு நோய்நிலை என்பது இந்நூலின் மையக் கருத்து. உடலை மறைத்து வாழத் தொடங்கிய மனிதன் தன்னையே இரு கூறாகப் பிளந்துகொண்டான் என்றும், வெயிலையும் திறந்த வெளியையும் மீண்டும் நாடுவது குணமடைதலின் ஒரு பகுதி என்றும் அவர் கருதினார்.

இலங்கை, தமிழகப் பயணம்

கேம்பிரிட்சில் கார்ப்பென்டருக்கு நண்பரானவர் பொன்னம்பலம் அருணாசலம் (1853-1924). பின்னாளில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராக விளங்கிய தமிழ்த் தலைவர் இவரே. கார்ப்பென்டருக்குப் பகவத் கீதையின் மொழிபெயர்ப்பை அனுப்பி இந்திய மெய்யியலை அறிமுகம் செய்தவரும் இவர்தான். அருணாசலத்தின் அழைப்பை ஏற்று, 1890-இன் இறுதியில் கார்ப்பென்டர் இலங்கை சென்றார்.

குருநாகலில் இராமசாமி என்னும் ஞானி தங்கியிருந்தார். தமிழ் இலக்கணப் புலமையால் இலக்கணம் இராமசாமி என அழைக்கப்பட்ட முதியவர் இவர். கார்ப்பென்டர் பல வாரங்கள் இவரிடம் சென்று பாடம் கேட்டார். ஞானி தமிழில் கூறியவற்றை அருணாசலம் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். எண்ணங்களை நிறுத்தி, நான் என்னும் தனித்த உணர்வைக் கடக்கும் முறை அப்பாடங்களில் முதன்மை பெற்றிருந்தது.

இராமசாமியின் குருவான தில்லைநாதன் என்பவரின் வரலாற்றையும் கார்ப்பென்டர் கேட்டறிந்து பதிவு செய்துள்ளார். அப்பதிவின்படி, தில்லைநாதன் கப்பல்கள் வைத்திருந்த செல்வர். 1855 அளவில் ஞானம் பெற்றபின், தம் உடைமைகளையெல்லாம் உறவினர்க்கும் சார்ந்தோர்க்கும் பகிர்ந்தளித்துவிட்டு, ஆடையும் இன்றிக் காட்டுக்குச் சென்றுவிட்டார். தாயும் சகோதரிகளும் பின்தொடர்ந்து வேண்டியும் அவர் திரும்பவில்லை. அதன்பின் சில முறை மட்டுமே தஞ்சாவூரில் காணப்பட்டார்.

திகம்பரத் துறவிகளையும் அவதூதர்களையும் அறிந்த தமிழ் மரபுக்கு இது புதிய செய்தி அன்று. ஆயினும் இரண்டு நோக்குகளுக்கும் இடையே வேறுபாடு உண்டு. அவதூதர் உடலைப் பொருட்படுத்தாமையால் ஆடையைத் துறக்கிறார். கார்ப்பென்டரோ உடலைப் போற்றுவதால் ஆடையைக் குறைக்கச் சொன்னார். இவ்வேறுபாட்டை உணர்ந்தவராகவே, தம் குருவிடம் மதிப்பு மிகுந்திருந்தும், உலக இன்பங்களினின்று முற்றாக விலகும் துறவை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

இலங்கையிலிருந்து தமிழகம் வந்த கார்ப்பென்டர் தென்னாட்டுக் கோயில்களைக் கண்டு, சென்னை, கல்கத்தா, காசி, தில்லி, அலிகார், பம்பாய் ஆகிய இடங்களுக்கும் சென்றார். இப்பயணத்தைச் சிவனொளிபாத மலையிலிருந்து எலிபெண்டா வரை என்ற தலைப்பில் 1892-இல் நூலாக வெளியிட்டார். இந்தியரை ஆங்கில அதிகாரிகள் நடத்திய முறையையும் அந்நூலில் கண்டித்துள்ளார். அருணாசலம் மறைந்த பின்னர், அவர் ஞானம் பற்றி எழுதிய கடிதங்களைத் தொகுத்து 1927-இல் கிழக்கிலிருந்து ஒளி என்ற பெயரில் பதிப்பித்தார்.

குரோபோர்டும் மாதேரான் குழுவும்

கார்ப்பென்டரின் நூல்களைப் படித்து அவருக்குக் கடிதம் எழுதியவர்களுள் சார்லசு எட்வர்டு கார்டன் குரோபோர்டு என்பவரும் ஒருவர். இவர் பம்பாய் மாகாணத்தில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர், மனைவியை இழந்தவர். 1891-இல் இவர் ஆடையற்றோர் தோழமை என்னும் பொருள்படும் பெயரில் ஒரு சிறு குழுவைத் தொடங்கினார். உறுப்பினர் மூவரே: குரோபோர்டும், ஒரு கிறித்தவ மறைப்பணியாளரின் இரு மகன்களும். பம்பாய்க்கு அருகிலுள்ள மாதேரான் மலைவாழிடத்தை மையமாகக் கொண்டு இவர்கள் கூடி, ஆடையின்றி விடுமுறை நாட்களைக் கழித்தனர்.

வாய்ப்புள்ள இடங்களில் முற்றிலும் ஆடையின்றி இருத்தல், உடலைப் பற்றிய ஆபாச எண்ணத்தை ஊக்குவியாமை ஆகியவை குழுவின் நெறிகளாக இருந்தன. நீதிபதி பதவியில் இருந்த ஒருவருக்கு இச்செய்தி வெளிப்பட்டிருந்தால் பெரும் இழுக்கு நேர்ந்திருக்கும். எனவே இவர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருந்தனர். குரோபோர்டு இரத்தினகிரிக்கு மாற்றப்பட்டபோது குழு கலைந்தது. அவர் 1894-இல் இறந்தார். அவர் எழுதிய கடிதங்கள் செபீல்டு ஆவணக் காப்பகத்தின் கார்ப்பென்டர் தொகுப்பில் பாதுகாக்கப்பட்டுள்ளன. நவீன காலத்தில் அறியப்பட்ட முதல் ஆடையற்ற வாழ்வியல் சங்கம் ஐரோப்பாவில் அன்றி இந்தியாவில் அமைந்தது என்பதற்கு இக்கடிதங்களே முதன்மைச் சான்று.

இல்வாழ்க்கையும் சட்டமும்

இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்களுக்கிடையேயான பாலுறவு சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1895-இல் ஆசுகார் வைல்டு இச்சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டபோது, கார்ப்பென்டரின் நூலை வெளியிட இருந்த பதிப்பாளர் பின்வாங்கினார். காதல் முதிரும் பருவம் என்ற அந்நூல் 1896-இல் மான்செசுடரில் இருந்த ஒரு தொழிலாளர் அச்சகத்தின் வழியே வெளிவந்தது.

இந்தியப் பயணத்திலிருந்து திரும்பியபின், செபீல்டின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த சார்ச்சு மெரில் என்பவரைக் கார்ப்பென்டர் சந்தித்தார். 1898 முதல் இருவரும் மில்தோர்ப்பில் ஒன்றாக வாழ்ந்தனர். 1909-இல் இவர்களைத் தாக்கித் துண்டு நூல் வெளியிடப்பட்டபோதும் கார்ப்பென்டர் ஊரைவிட்டு அகலவில்லை. 1913-இல் இவர்களைக் காணவந்த நாவலாசிரியர் இ. எம். பார்சுடர், அச்சந்திப்பின் விளைவாக மாரிசு என்ற நாவலை எழுதினார். அந்நாவல் 1971-இல்தான் வெளியிடப்பட்டது.

இறுதிக் காலம்

1922-இல் கார்ப்பென்டரும் மெரிலும் கில்டுபோர்டு நகருக்குக் குடிபெயர்ந்தனர். 1924-இல் கார்ப்பென்டரின் 80-ஆம் பிறந்த நாளன்று, அப்போது ஆட்சியில் இருந்த தொழிற்கட்சி அமைச்சரவையினர் கையொப்பமிட்டு வாழ்த்து அனுப்பினர். 1928 சனவரியில் மெரில் இறந்தார். அதே ஆண்டில் பக்கவாதத்தால் தாக்குண்ட கார்ப்பென்டர், 1929 ஜூன் 28 அன்று காலமானார். இருவரும் கில்டுபோர்டின் மவுண்ட் கல்லறையில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

தாக்கமும் விமர்சனமும்

மகாத்மா காந்தி 1909-இல் எழுதிய இந்திய சுயராச்சியம் நூலில், நாகரிகம் பற்றிய கார்ப்பென்டரின் நூலைக் குறிப்பிட்டு, படிக்க வேண்டிய நூல்களின் பட்டியலிலும் சேர்த்துள்ளார். 1921-இல் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறியதற்கு ஏழைகளின் நிலையும் கதர் இயக்கமுமே காரணம். எனினும் ஆடையை ஒரு சமூகக் கேள்வியாகக் காணும் நோக்கு இருவருக்கும் பொதுவானது.

கார்ப்பென்டர் தாமாக எந்த ஆடையற்றோர் சங்கத்தையும் தொடங்கவில்லை. ஆனால் அவர் வாழ்நாளிலேயே அவ்வியக்கம் ஐரோப்பாவில் வேர்விட்டது. 1903-இல் செருமனியிலும், 1922-இல் இங்கிலாந்திலும் தொடக்ககால அமைப்புகள் தோன்றின. ஆங்கிலச் சங்கம் தன் பெயரை, அலெக்சாந்தர் காலத்துக் கிரேக்கர் இந்தியாவின் ஆடையற்ற துறவிகளுக்கு இட்ட பெயரிலிருந்து எடுத்துக்கொண்டது. 1950-இல் பிரான்சின் அட்லாண்டிக் கடற்கரையில் மோந்தாலிவே விடுமுறை மையம் தொடங்கப்பட்டது. பெற்றோரும் பிள்ளைகளும் குடும்பமாகத் தங்கும் இத்தகைய கடற்கரை மையங்களில் பாலியல் நடத்தைக்கு இடமில்லை. அனுமதியின்றி ஒளிப்படம் எடுக்கக் கூடாது. இருக்கைகளில் துண்டு விரித்தே அமர வேண்டும் என்பது பரவலான வழக்கம். கார்ப்பென்டர் பிறந்த ஊரை ஒட்டிய பிரைட்டன் கடற்கரையிலும், எதிர்ப்புகளுக்கிடையே, 1980-இல் ஒரு பகுதி ஆடையின்றிக் குளிப்போருக்கென ஒதுக்கப்பட்டது.

கார்ப்பென்டர்மீது விமர்சனங்களும் உண்டு. பரம்பரைச் செல்வத்தைக் கொண்டு எளிமையைப் போதித்தார் என்றும், தொல்குடி வாழ்வை மிகைப்படப் புகழ்ந்தார் என்றும் கூறப்பட்டது. 1937-இல் சார்ச்சு ஆர்வெல், செருப்பணிவோரும் ஆடை துறப்போரும் மரக்கறி உண்போரும் சமவுடைமைக் கொள்கையை நகைப்புக்கு இடமாக்குகின்றனர் என எள்ளினார். இங்கிலாந்தில் 1967-இல் தற்பாலுறவுச் சட்டம் தளர்த்தப்பட்ட பின்னரே, கார்ப்பென்டரின் நூல்கள் புதிய தலைமுறையினரால் மீண்டும் படிக்கப்பட்டன.

முக்கிய நூல்கள்

மக்களாட்சியை நோக்கி (1883)
இங்கிலாந்தின் இலட்சியம் (1887)
நாகரிகம்: அதன் காரணமும் தீர்வும் (1889)
சிவனொளிபாத மலையிலிருந்து எலிபெண்டா வரை (1892)
காதல் முதிரும் பருவம் (1896)
படைப்பின் கலை (1904)
இடைப்பட்ட பாலினம் (1908)
என் நாட்களும் கனவுகளும் (தன்வரலாறு, 1916)